தாத்தாவின் இருமல்: முதுமையில் விழிக்கும் காச நோய்!

காலை ஏழு மணி. ஊட்டி மலைக்குப் போகும் பல்சக்கர ரயில் மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் கூவுகிறது. உருளைக்கிழங்கு மண்டிகளில் மூட்டைகள் இறங்குகின்றன. வாழைத்தார் ஏற்றிய வண்டிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஊர் சுறுசுறுப்பாகி விட்டது.

அந்த நேரத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து இருமுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 72. ஒரு காலத்தில் மண்டியில் மூட்டை சுமந்த உடம்பு. இன்று சட்டை தொளதொளவென்று தொங்குகிறது.

பேத்தி கேட்கிறாள்:

"ஏனுங்க அப்பாரு, தீவாளியிலிருந்து இருமிக்கிட்டே இருக்கறீங்களே! ஆசுபத்திரிக்குப் போய்ட்டு வரலாமுங்க."

"அட போ கண்ணு! வயசானா இருமல் வராதா? இது பீடி இருமல். எத்தனை வருசமா எங்கூடவே இருக்குது!"

மருமகள் சுக்குக் கஷாயம் கொண்டுவந்து கொடுக்கிறாள். பெரியவர் குடிக்கிறார். பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது.

இந்தப் பேச்சு நடக்காத வீடு கொங்கு நாட்டில் குறைவு. பல வீடுகளில் அது வெறும் பீடி இருமலாகவே இருக்கலாம். ஆனால் சில வீடுகளில் அது காச நோய்!

வாலிபர்களின் வியாதி

காச நோய்க்குப் பல பெயர்கள் உண்டு. க்ஷயரோகம் என்றார்கள். டி.பி. என்றார்கள். பாட்டிமார் 'எலும்புருக்கி' என்று சொல்லுவார்கள். ஆளை உள்ளுக்குள்ளேயே உருக்கிவிடும் என்பதால் அந்தப் பெயர்.

முன்பெல்லாம் இது வாலிபர்களின் வியாதி என்று பெயர் எடுத்திருந்தது. சிறுகதை மன்னர் புதுமைப்பித்தன் 1948-ல் இந்த நோயால்தான் இறந்தார். அப்போது அவருக்கு வயது 42. ஜவகர்லால் நேருவின் மனைவி கமலா நேரு 1936-ல் இதே நோய்க்குப் பலியானார். அவருக்கு 40 வயதுகூட நிறையவில்லை.

காச நோயை உண்டாக்கும் கிருமியைக் கண்டுபிடித்தவர் ஜெர்மன் டாக்டர் ராபர்ட் காக். 1882-ம் வருடம் மார்ச் 24-ந் தேதி அவர் அதை உலகுக்கு அறிவித்தார். கிருமி தெரிந்துவிட்டது. ஆனால் அதைக் கொல்லும் மருந்துக்கு மேலும் 60 வருடங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அதுவரை என்ன வைத்தியம்? நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை. இவைதான்! அதற்காக ஊருக்கு வெளியே சானடோரியம் என்ற ஆஸ்பத்திரிகளைக் கட்டினார்கள். சென்னைக்குப் பக்கத்தில் தாம்பரத்தில் 1928-ல் டாக்டர் சௌரிமுத்து ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். அந்த இடத்து ரயில் நிலையத்துக்கு இன்றும் 'தாம்பரம் சானடோரியம்' என்றே பெயர். கொங்கு நாட்டுக்காரர்களுக்குப் பெருந்துறை சானடோரியம் இருந்தது. "பெருந்துறைக்குப் போயிருக்கிறார்" என்றால் என்ன வியாதி என்று வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை!

1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. 1952-ல் ஐசோனியாசிட் மாத்திரை வந்தது. நோயைக் குணப்படுத்தலாம் என்ற நம்பிக்கை பிறந்தது.

சேத்துப்பட்டில் நடந்த சோதனை

மருந்து வந்தது. ஆனால் அத்தனை நோயாளிகளையும் படுக்க வைக்கச் சானடோரியங்கள் எங்கே?

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தின. வாலஸ் பாக்ஸ் என்ற இங்கிலாந்து டாக்டர் அதற்குத் தலைமை தாங்கினார்.

நோயாளிகளை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்தில் பாலும் முட்டையும் சாப்பிட்டு ஓய்வெடுத்தார்கள். மற்றவர்கள் சென்னையின் ஏழைத் தெருக்களில் தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். கிடைத்ததைச் சாப்பிட்டார்கள். இரு தரப்பினருக்கும் ஒரே மாத்திரை. ஒரு வருட வைத்தியம்.

1959-ல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய சானடோரியக்காரர்களைப் போலவே குணமடைந்திருந்தார்கள்! அவர்களோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கும் கூடுதலாக நோய் தொற்றவில்லை. உலகம் முழுவதும் வைத்தியமுறை மாறியது. சானடோரியங்கள் ஒவ்வொன்றாக வேறு ஆஸ்பத்திரிகளாக மாறின. பெருந்துறையில் இன்று மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இந்தப் பழைய கதைக்கும் திண்ணைப் பெரியவருக்கும் என்ன சம்பந்தம்?

அவர் பிறந்தது 1950-களில். புதிய மருந்துகள் அப்போதுதான் வந்துகொண்டிருந்தன. இந்தியாவின் தேசிய காச நோய்த் திட்டம் 1962-ல்தான் தொடங்கியது. அது கிராமங்களுக்குப் போய்ச் சேர இன்னும் பல வருடங்கள் ஆயின. அவர் பையனாக இருந்த காலத்தில், எந்தத் தெருவிலும் மருந்தில்லாமல் இருமிக்கொண்டிருந்த நோயாளிகள் இருந்தார்கள். அந்தக் காற்றைத்தான் அவரும் சுவாசித்தார்.

தூங்கும் கிருமி

காச நோய்க் கிருமி ஒரு விசித்திரமான பிராணி. அம்மைக் கிருமி உடம்புக்குள் நுழைந்தால் சில நாட்களில் அம்மை போட்டுவிடும். காச நோய்க் கிருமி அப்படியல்ல. அதற்குப் பொறுமை ஜாஸ்தி!

கிருமி நுரையீரலுக்குள் போனதும் உடம்பின் காவல் அணுக்கள் அதைச் சுற்றி வளைக்கின்றன. சிறு கட்டி போன்ற ஒரு சுவரை எழுப்பி உள்ளே சிறை வைக்கின்றன. பெரும்பாலோருக்கு அதோடு சரி. நோய் வராது. இருமல் இருக்காது. பிறருக்கும் தொற்றாது. ஆனால் கிருமி சாவதில்லை. சிறைக்குள் தூங்குகிறது. 10 வருடம் தூங்கலாம். 50 வருடமும் தூங்கலாம்.

கிருமி உள்ளே போன 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் என்றாவது நோய் வருகிறது. மற்றவர்கள் அதைத் தெரியாமலேயே சுமந்து வாழ்ந்து முடிக்கிறார்கள்.

2019 முதல் 2021 வரை இந்தியா முழுவதும் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. எக்ஸ்ரே பொருத்திய வண்டிகள் ஊர் ஊராகச் சென்றன. 15 வயதைத் தாண்டியவர்களில் 100-க்கு 31 பேர் உடம்பில் இந்தக் கிருமி தங்கியிருப்பது தெரியவந்தது.

இனி முதுமைக்கு வருவோம். வயதானால் கண் மங்குகிறது. முழங்கால் வலிக்கிறது. அதேபோல் உடம்பின் காவல் அணுக்களுக்கும் தளர்ச்சி வருகிறது. காவல்காரன் தூங்கும்போது கைதி விழித்துக்கொள்கிறான்!

காவலைக் கெடுக்கும் வேறு காரணங்களும் முதுமையில் சேர்ந்துகொள்கின்றன. முதலாவது சர்க்கரை வியாதி. அது இருந்தால் காச நோய் வரும் அபாயம் இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது. கொங்கு நாட்டில் சர்க்கரை மாத்திரை இல்லாத பெரியவர் வீடு எத்தனை? அடுத்து பீடி, சாராயம், சிறுநீரகக் கோளாறு. மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் நாள்பட விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரைகள்கூடக் காவலைத் தளர்த்தும்.

எல்லாப் பெரியவர்களுக்கும் பழைய கிருமிதான் விழிக்கிறது என்றும் சொல்ல முடியாது. நம் நாட்டில் இன்றும் காச நோய் பரவிக்கொண்டுதான் இருக்கிறது. பஸ்ஸில், கடையில், சந்தையில் புதிதாகவும் தொற்றலாம். வாலிபத்தில் வைத்தியம் செய்து குணமானவர்களுக்கு முதுமையில் திரும்பவும் வருவதுண்டு.

அமெரிக்க டாக்டர் அவிழ்த்த புதிர்

ஏறக்குறைய நூறு வருடங்களுக்கு முன்பே ஒரு விஷயம் அமெரிக்க டாக்டர்களைக் குழப்பியது. மாசாசூசெட்ஸ் மாகாணத்தில் 1880-ல் காச நோயால் இளவயதினர் அதிகமாகச் செத்தார்கள். 1930-ல் பார்த்தால் வயதானவர்கள் பக்கம் மரணம் சாய்ந்திருந்தது. நோய் தன் குணத்தை மாற்றிக்கொண்டதா?

வேட் ஹாம்ப்டன் பிராஸ்ட் என்ற டாக்டர் அந்தக் கணக்கை வேறுவிதமாகப் போட்டுப் பார்த்தார். ஒரே காலத்தில் பிறந்தவர்களை ஒரு கூட்டமாக வைத்து, அவர்கள் வளர வளர என்ன ஆயிற்று என்று தொடர்ந்தார். புதிர் அவிழ்ந்தது. 1930-ல் கிழவர்களாக இருந்தவர்கள்தாம், நோய் கொடிகட்டிப் பறந்த காலத்தில் பிள்ளைகளாக இருந்தவர்கள்! நோய் கிழவர்களைத் தேடிப் போகவில்லை. பிள்ளைப் பருவத்தில் வாங்கிய கடனை அவர்கள் முதுமையில் கட்டிக்கொண்டிருந்தார்கள். பிராஸ்ட் இறந்த மறு வருடம், 1939-ல், இந்தக் கட்டுரை வெளிவந்தது.

இதற்குக் கண்கூடான சாட்சி ஜப்பான். இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபோது அந்த நாட்டில் காச நோயே முதல் எமனாக இருந்தது. 1951-ல் சட்டம் போட்டு அதை எதிர்த்தார்கள். நோய் வேகமாக இறங்கியது. 2021-ல் லட்சம் பேரில் 10 பேருக்கும் குறைவாக வந்துவிட்டது. ஆனால் அங்கே புதிதாக நோய் காணும் மூவரில் இருவர் 65 வயதைத் தாண்டியவர்கள். 80-ஐத் தாண்டியவர்களே ஏராளம். யுத்த காலத்துச் சிறுவர்கள், பல் போன வயதில் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்!

நம் வீட்டுக் கணக்கு

தமிழ்நாட்டுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.

2011 ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 100-க்கு 10 பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். 2021-ல் இது 13-ஐத் தாண்டியிருக்கும் என்று மத்திய சர்க்கார் மதிப்பிட்டது. 2031-ல் 18 ஆகும் என்கிறது அதே மதிப்பீடு. இந்திய மாகாணங்களில் கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோர் விகிதம் மிகுந்தது தமிழ்நாடுதான். மக்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள். பிள்ளைகள் குறைவாகப் பிறக்கிறார்கள். இரண்டும் நல்ல செய்திதான்.

ஆனால் காச நோய்க் கணக்கில் இது என்ன செய்யும்? முன்சொன்ன கணக்கெடுப்பில், 15 வயதைத் தாண்டிய ஒரு லட்சம் பேரில் 316 பேருக்கு நுரையீரல் காச நோய் இருந்தது. தமிழ்நாட்டில் 322 பேர். முதியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய இரு மடங்கு!

விரல் விட்டு எண்ணும் ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு லட்சம் பேர் உள்ள ஊர். இளையவர்களில் 1,000-க்கு 2 பேருக்கு நோய், முதியவர்களில் 1,000-க்கு 4 பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் 10,000 முதியவர்கள் இருந்தால் நோயாளிகள் 220 பேர். அவர்களில் முதியவர் 40 பேர். முதியவர்கள் 18,000 பேராகப் பெருகினால்? நோயாளிகள் 236 ஆகிறார்கள். அவர்களில் முதியவர் 72 பேர்! யாருக்கும் நோய் கூடவில்லை. ஊருக்கு வயது கூடியிருக்கிறது. அவ்வளவுதான்.

இந்தியாவில் காச நோய் குறைந்துதான் வருகிறது. 2015-ல் லட்சம் பேருக்கு 237 பேர் புதிதாக நோய் கண்டார்கள். 2024-ல் 187 பேர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. இந்த இறக்கம் இன்னும் வேகமாக இருக்க வேண்டுமானால் திண்ணைகளைக் கவனிக்க வேண்டும். வாலிபர்களை மட்டும் தேடிக்கொண்டிருந்தால் கணக்கு தீராது.

இருமல் ஏமாற்றும்!

காச நோய் என்றால் சினிமாவில் காட்டுவதுபோல் ரத்தம் கக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வாலிபர்களுக்கு அப்படி வரலாம். சாயங்காலக் காய்ச்சலும் ராத்திரி வியர்வையும் வரலாம். வயோதிகர்களுக்கு இவை பெரும்பாலும் குறைவு.

அவர்களுக்கு என்ன வரும்? சோறு பிடிக்காது. உடம்பு இளைக்கும். அசதியாக இருக்கும். கொஞ்சம் மூச்சு வாங்கும். இருமல்கூட லேசாக இருக்கலாம். சிலருக்குப் புத்தி தடுமாறும். இவை அத்தனையையும் பார்த்து வீட்டார் சொல்வது ஒரே வார்த்தைதான்: "வயசாச்சு!"

கோயமுத்தூர்ச் சீமையில் இன்னொரு சங்கடமும் உண்டு. 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு இங்கே பஞ்சாலைகள் பெருகின. பல்லாயிரம் பேர் பஞ்சுத் தூசியில் வேலை செய்தார்கள். பஞ்சுத் தூசி நுரையீரலில் படிந்தும் நெஞ்சடைப்பும் இருமலும் வரும். அது வேறு நோய். ஆனால் ஆலையில் உழைத்து ஓய்வு பெற்ற ஒருவர் இருமினால், "மில்லுக்காரர் இருமல்" என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தூசி படிந்த நுரையீரலிலும் காச நோய் வரும் என்பதை யாரும் நினைப்பதில்லை.

மேட்டுப்பாளையம், காரமடைப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இன்று திருப்பூரிலும் கோயமுத்தூரிலும் வேலை பார்க்கிறார்கள். ஊரில் கிழவனும் கிழவியும் தனியே. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஆள் வேண்டும். "அவன் லீவு போட்டுட்டு வரோணும், எதுக்கு அவனுக்குத் தொந்தரவு?" என்று பாட்டி வாயை மூடிக்கொள்கிறாள். நோய் ஆண்களுக்கே அதிகம் என்றாலும், மறைத்து வைப்பதில் பாட்டிமாரை மிஞ்ச ஆள் கிடையாது!

கணக்கெடுப்பும் இதையே காட்டியது. நோய்க்குறி இருந்தவர்களில் 100-க்கு 64 பேர் எந்த வைத்தியரிடமும் போகவில்லை. கேட்டால், இதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை என்று சொன்னவர்களே மிக அதிகம். இன்னொன்றும் தெரிந்தது. கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் 100-க்கு 43 பேர் எக்ஸ்ரே எடுக்காமல் இருந்திருந்தால் தப்பிப் போயிருப்பார்கள்.

அதனால்தான் 2024 டிசம்பரில் மத்திய சர்க்கார் தொடங்கிய 100 நாள் இயக்கத்தில், 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இருமல் இல்லாவிட்டாலும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். கையில் தூக்கிப் போகும் சிறு எக்ஸ்ரே கருவிகளே வந்துவிட்டன.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். மாத்திரை கொண்டுவரும் பெண்மணியிடம் தாத்தாவின் இருமலையும் ஒரு வார்த்தை சொல்லலாம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் எந்த இருமலுக்கும் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது விதி. மேட்டுப்பாளையம் அரசு ஆஸ்பத்திரியானாலும், கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையமானாலும் பரிசோதனைக்கும் மருந்துக்கும் காசு கிடையாது.

சளி கொடுப்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்துவிட்டு, மூச்சை நன்றாக இழுத்து, அடி நெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பிரயோஜனமில்லை. வயதானவர்களுக்கு இது சிரமம். கூட ஒருவர் இருந்து பொறுமையாகச் சொல்லித்தர வேண்டும். புதிய இயந்திரங்களில் சளியை வைத்தால் இரண்டொரு மணி நேரத்தில் கிருமி உண்டா, அதற்கு முக்கியமான மருந்து பலிக்குமா என்று தெரிந்துவிடும்.

மாத்திரையும் சோறும்

வைத்தியம் பொதுவாக 6 மாதம். வாலிபர்கள் எளிதில் தாங்கிக்கொள்வார்கள். பெரியவர்களுக்கு மாத்திரை கொஞ்சம் கடினம்தான். சிலருக்குக் குமட்டும். ஈரல் பாதிக்கப்படலாம். கால் விரல் மதமதக்கலாம். அதற்கு வைட்டமின் மாத்திரை தருவார்கள். கண் பார்வை மங்கினால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். ரிபாம்பிசின் என்ற மருந்து சில சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் குறைத்துவிடும். ஆகையால் ஏற்கனவே சாப்பிடும் மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோவது நல்லது. அதே மருந்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். ரத்தம் என்று பயந்து மருந்தை நிறுத்தியவர்கள் உண்டு!

1959-ல் படுக்கை வேண்டாம் என்று உலகத்துக்குச் சொன்னது சென்னை. இப்போது யாருக்குப் படுக்கை வேண்டும் என்று சொல்லும் திட்டமும் தமிழ்நாட்டில்தான் பிறந்தது. 'காசநோய் இறப்பில்லா திட்டம்' என்று அதற்குப் பெயர். 2022 ஏப்ரலில் தொடங்கியது. நோய் தெரிந்த உடனேயே நர்சு சில விஷயங்களைப் பார்க்கிறார். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா? கால் வீங்கியிருக்கிறதா? மூச்சு எத்தனை முறை வாங்குகிறது? ரத்தத்தில் பிராணவாயு போதுமா? பிறர் துணையில்லாமல் எழுந்து நிற்கிறாரா? அபாயம் தெரிந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்கிறார்கள். காச நோய் மரணங்களில் பல, வைத்தியம் தொடங்கிய முதல் இரண்டு மாதங்களிலேயே நேர்கின்றன என்பதுதான் காரணம். உடம்பு ஒடுங்கிய வயோதிகருக்கு அந்த இரண்டு மாதம்தான் கண்டம்.

மருந்தைப் போலவே சோறும் முக்கியம். ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2023-ல் வெளிவந்தது. சேத்துப்பட்டு நிலையமும் அதில் பங்கு கொண்டது. நோயாளிக்கு மாதம் 10 கிலோ உணவுப் பொருள்கள் கொடுத்தார்கள்: அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் அரிசி, பருப்பு கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்த வீடுகளில் மற்றவர்களுக்குக் காச நோய் வருவது 100-க்கு 39 பங்கு குறைந்தது!

பல்லில்லாத பெரியவர் காலையில் டீ, மத்தியானம் ரசஞ்சோறு என்று பொழுதைப் போக்குகிறார். பருப்பும் முட்டையும் பேரப்பிள்ளைகள் தட்டுக்குப் போய்விடுகின்றன. நோயாளிகளின் சாப்பாட்டுக்காக 2018 முதல் சர்க்கார் மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். பணம் பாங்குக் கணக்கில் விழுகிறது. அதை முட்டையாக மாற்றுவது வீட்டார் கையில் இருக்கிறது.

பேத்திக்கு ஆபத்தா?

தாத்தாவோடு ஒட்டிப் படுத்துக் கதை கேட்பது பேரப்பிள்ளைகளின் வழக்கம். தாத்தாவுக்கு நோய் இருந்து, அது தெரியாமல் இருந்தால், கிருமி காற்று வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. ஐம்பது அறுபது வருடத்துக் கிருமி மறு தலைமுறைக்குக் கைமாறுகிறது!

பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசி, மூளையைத் தாக்கும் கொடிய காச நோயிலிருந்து குழந்தைகளைக் காக்கிறது. ஆனால் அதன் பலம் முதுமை வரை நிற்பதில்லை. 1968-ல் செங்கல்பட்டு ஜில்லாவில் தொடங்கிய மாபெரும் சோதனையில், பெரியவர்களின் நுரையீரல் நோயை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. இருந்தாலும் 2024-ல், 60 வயதைத் தாண்டியவர்கள் உள்பட எளிதில் நோய் தொற்றக்கூடிய பெரியவர்களுக்கு இதே ஊசியைப் போட்டுப் பார்க்கும் ஆய்வு இந்தியாவில் தொடங்கியது.

வீட்டில் ஒருவருக்கு நோய் என்று தெரிந்தால் மற்றவர்களையும் சோதிப்பார்கள். நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு மாத்திரை உண்டு. ஒருவகை மாத்திரையைத் தினமும் 6 மாதம் சாப்பிட வேண்டும். இன்னொரு வகை வாரம் ஒரு தடவை. 12 வாரத்தில் முடிந்துவிடும். தூங்கும் கிருமியைத் தூக்கத்திலேயே கொல்லும் வழி இது.

மருந்து தொடங்கிய முதல் சில வாரங்கள் பெரியவர் காற்றோட்டமான இடத்தில் தனியே படுப்பது நல்லது. ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். இருமும்போது துண்டால் வாயை மூடிக்கொள்ளட்டும். மருந்து ஒழுங்காக உள்ளே போனால் தொற்றும் வேகம் சீக்கிரம் அடங்கிவிடும். பிறகு பேத்தி பழையபடி பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்கலாம்.

பல வீடுகளில் நோய் என்று கேட்டதுமே பெரியவரின் தட்டையும் டம்ளரையும் தனியே எடுத்து வைத்துவிடுகிறார்கள். அதைப் பார்த்து மனம் ஒடிந்து சாப்பாட்டையே குறைத்துக்கொள்ளும் பெரியவர்கள் உண்டு. காச நோய் காற்றில்தான் பரவுகிறது. தட்டிலும் டம்ளரிலும் பரவுவதில்லை. அவருடைய தட்டு மற்றத் தட்டுகளோடேயே இருக்கலாம்.